இரண்டு இலட்சத்துக்குள் கேமிங் கொம்பியூட்டர்: மட்டக்களப்பில் இருப்பவருக்கு எது பொருந்தும்?

பட்ஜெட் கேமிங் கொம்பியூட்டர் பற்றி யூடியூபில் வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கானவை. கிராபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் போடுகிற சாமான்) பழுதா, நாளைக்கே கொண்டுபோய் மாற்றலாம். கரண்ட் போவதில்லை. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வருவதில்லை. கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இருக்கிற எங்களுக்கு இந்த மூன்றுமே நேர்மாறு. அங்கே முதலிடம் பிடிக்கிற சாமான் இங்கே பின்னால் போய்விடும். அங்கே கடைசி இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கிற பவர் சப்ளை இங்கே முன்வரிசைக்கு வந்துவிடும்.

நான் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெடியங்களுக்கும் மெஷின் பூட்டிக் கொடுப்பவன். கேட்டு வருகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஏ.எல். சோதனை முடிந்திருக்கும். கட்டாரில் இருக்கிற மாமா காசு அனுப்பியிருப்பார். கையில் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சம். வலோரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 கட்டாயம் ஓட வேண்டும். புதுக் கேம் ஒன்றிரண்டும் ஓடினால் நல்லது. அம்மாவுக்குச் சொல்லியிருக்கிற காரணம் படிப்பு.

"எந்த செட் அண்ணா வேகம் கூட?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நான் திருப்பிக் கேட்பது வேறு: இது பழுதானால் யார் பார்ப்பார், அதுவரைக்கும் மெஷின் ஓடுமா, மூன்று வருடத்தில் விற்கப் போனால் இந்த ஊரில் வாங்க ஆள் இருக்குமா? இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் நிறுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு சாமானுக்கும் ரூபாய் விலை எழுதவில்லை. டொலரும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிவிட்ட வற் வரியும், கடையில் மிச்சமிருக்கிற ஸ்டொக்கும் சேர்ந்து அதை மாதத்துக்கு மாதம் மாற்றுகின்றன. கேமிங்குக்குத்தான் மெஷின் என்றால் மொனிட்டரை விட்டுவிட்டு மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கும், பத்தில் ஒரு பங்கு பவர் சப்ளைக்கும் ஒதுக்க வேண்டும். மற்றதெல்லாம் மிச்சக் காசில்.

பழைய ஒபிஸ் மெஷினும் ஒரு கார்டும்

வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் மெஷின்கள் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன. கையில் ஒரு இலட்சம்தான் என்றால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் "ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி" என்று கடைக்காரர் சொல்லும் மூன்றிலும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. சிப் (மெஷினின் மூளை) எத்தனையாம் தலைமுறை, எந்த உடம்பு (கேஸிங்) என்று கேட்க வேண்டும்.

ஐ5-6500, ஐ7-6700 போன்ற ஆறாம் தலைமுறைச் சிப்கள் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருவார்கள், அது ஓடும். ஆனால் விண்டோஸ் 11-இல் வலோரண்ட் திறக்க, பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் வேண்டும். டிபிஎம் 1.2 மட்டும் உள்ள பழைய மெஷினில் அந்தக் கேமுக்காகவே காசு கொடுத்த பெடியன் எரர் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2025 ஒக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் இதே இரண்டையும் கேட்கிறது. ஐ5-8500 உள்ள எட்டாம் தலைமுறை மெஷினில் இந்தத் தலையிடி இல்லை. ஆறு கோரும் உண்டு. ஆறாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் இடையில் கடைக்காரர் சொல்கிற வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உடம்பு. மேசையில் படுக்க வைக்கிற ஒல்லி மெஷினில் அரை உயரக் கார்ட் மட்டும்தான் போகும், அதுவும் தேடித் திரிந்து வாங்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிற டவர் உடம்பு என்றால் சாதாரணக் கார்ட் போகும். ஆனாலும் பவர் சப்ளை கம்பனியின் சொந்த அளவு. டெல் மெஷின்களில் மதர்போட் செருகியே வேறு, கடையில் விற்கிற 24 பின் வயர் நேரே பொருந்தாது. அதனால் வேறு வயர் கேட்காமல், சொருகுகிற இடத்திலிருந்தே 75 வாட்டுக்குள் கரண்ட் எடுக்கிற கார்டாகப் பார்க்க வேண்டும். மேல்வயர் இல்லாத மொடல் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. 2024-இல் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இன்னொன்று. இதற்கு மேல் இந்த மெஷின் வளராது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை. திருப்பி விற்பதிலும் பிரச்சினை இல்லை. ரியூஷன் வகுப்புக்கோ கொமியூனிகேஷன் கடைக்கோ யாராவது கேட்டு வருவார்கள்.

சீன எக்ஸ்99 செட்

14 கோர், 28 த்ரெட் என்று பெரிய எழுத்தில் போட்டு, மதர்போட்டும் ரேமும் சேர்த்து ஆச்சரியமான விலைக்கு ஒன்லைனில் வருகிற செட் இது. சிப் பெரும்பாலும் ஸியோன் இ5-2680 வி4. 2016-இல் சேர்வர்களுக்காக வந்தது, 120 வாட், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். கேம்கள் இத்தனை கோரைப் பாவிப்பதில்லை. ஒவ்வொரு கோரும் எவ்வளவு விரைவு என்பதில்தான் அவை நிற்கின்றன, அதில் நாலே கோர் உள்ள ஐ3-12100எஃப் இதை விட்டுவிட்டு ஓடிவிடும். போர்ட் உள்ளூரில் எவரும் பொறுப்பேற்காத பெயர்; பயோஸ் (போர்ட்டுக்குள் இருக்கிற தொடக்க மென்பொருள்) அப்டேட் என்று ஒன்று வராது; போனால் போனதுதான். பிளெண்டரில் ரெண்டர் போடுகிறவருக்கும், வந்தாறுமூலைக் கம்பஸில் வேர்ச்சுவல் மெஷின் பழகிற பிள்ளைக்கும் பிரயோசனப்படலாம். கேமிங்குக்கு வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும்.

கார்ட் இல்லாமல் தொடங்குவது

காசு ஒரே தரத்தில் வராது, இப்போது பாதி, சீட்டு எடுத்த பிறகு மீதி என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி. 2021-இல் கடைக்கு வந்த சிப். ஆறு கோர், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ். வலோரண்ட், டோட்டா 2, ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்து விளையாடலாம். புதிய பெரிய கேம்கள் பக்கம் போகக்கூடாது. பிறகு கார்ட் வாங்கிச் சொருகினால் மெஷின் முழுமையாகிவிடும்.

இதில் ஒரே நிபந்தனை ரேம். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டால் பாதி வழியை அடைத்த மாதிரி. இரண்டு 8 ஜிபி துண்டு, 3200 வேகம், இரண்டும் ஒரே ஜோடி. "பிறகு இன்னொன்று போடலாம் தம்பி" என்று ஒற்றைத் துண்டோடு அனுப்பிவைத்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். 5600ஜி ஆகாது என்று அந்தப் பிள்ளைகள் சொல்லித் திரிவதையும் கேட்டிருக்கிறேன். சிப்பின் குற்றம் இல்லை.

இதன் குறை, 5600-ஐ விட கேஷ் மெமரி (சிப்புக்குள் இருக்கிற வேகமான மெமரி) பாதிதான்: 32-க்குப் பதில் 16 எம்பி. சிப்பும் கார்டும் பேசிக்கொள்கிற பிசிஐ வழியும் பழைய 3.0. நல்ல கார்ட் போடுகிற காலத்தில் கொஞ்ச வேகம் இதனால் போகும். ஆனாலும் ஒரு நன்மையை யாரும் எடைபோடுவதில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

ஐ3-12100, ஐ5-12400, ரைசன் 5 5600

இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட ஒரே தரத்தில் இருக்கிறவருக்கு உண்மையான தெரிவு இந்த மூன்றுக்குள்தான். மூன்றும் 2022-இல் வந்தவை. மூன்றையும் டிடிஆர்4 என்ற முந்திய தலைமுறை ரேமோடு ஓட்டலாம். 12100 நாலு கோர், 60 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் விளையாடுகிறவருக்குப் போதும். சிஎஸ்2-ஐ 144 ஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டும், விளையாடும்போதே லைவ் போட வேண்டும், வீடியோ வெட்ட வேண்டும் என்றால் ஆறு கோர் உள்ள 12400 அல்லது 5600. இந்த இரண்டுக்கும் இடையில் கேமில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. எதற்கு நல்ல மதர்போட் உள்ளூரில் பில்லோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள். 5600-க்கு பி450 போர்ட் பழைய ஸ்டொக்கில் இருந்தால் பயோஸ் அப்டேட் செய்தே தரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பூட்டி முடித்து சுவிட்சைப் போட, ஃபேன் சுத்தும், மொனிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

இப்போது அந்த 'எஃப்' எழுத்து. 12100எஃப், 12400எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். 5600-இலும் கிடையாது. வீடியோக்களில் எல்லோரும் "எஃப் எடு, காசு மிச்சம்" என்பார்கள். கொழும்பில் இருக்கிறவருக்கு அது சரி. எங்களுக்கு? கார்ட் பழுதாகிறது. வொறன்ரி உண்டு. கூரியரில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், கடைக்காரர் ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும், அவர் பார்த்து மாற்றித் தர வேண்டும், திரும்பி வர வேண்டும். நாட்கள் வாரங்களாகும். அதுவரை எஃப் சிப் உள்ள மெஷினில் திரை எரியாது. ஒன்லைன் வகுப்பும் இல்லை, அசைன்மென்டும் இல்லை. எஃப் இல்லாத 12100, 12400 இரண்டிலும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. கேமுக்கு உதவாது, மற்ற எல்லா வேலைக்கும் தாராளம். 5600ஜியின் கவனிக்கப்படாத நன்மையும் இதுவே. கார்டில்தான் பழுதா, வேறெங்குமா என்று கண்டுபிடிப்பதும் இதனால் லேசு: கார்டைக் கழற்று, வயரை மதர்போட்டில் குத்து, படம் வருகிறதா பார். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் எஃப்பை நான் வாங்க மாட்டேன்.

புதிய ரைசன் சிப்கள் பூட்டுகிற ஏஎம்5 பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த மேடை, வருங்காலத்துக்கு நல்லது, சரிதான். ஆனால் அது டிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்கத் துள்ளியது. மைக்ரொன் கம்பனி 2025 டிசம்பரில் தன் குருஷியல் விற்பனையையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. டிடிஆர்4-உம் ஏறியதுதான். ஆனால் டிடிஆர்4 பாவித்ததாகக் கிடைக்கிறது, ரேம் அவ்வளவு லேசில் பழுதாவதும் இல்லை. வீட்டில் பழைய மெஷினில் டிடிஆர்4 துண்டு கிடக்கிறதென்றால் இந்த நேரத்தில் அது காசு. இந்த பட்ஜெட்டில் ஏஎம்5-க்குப் போகிறவர் கார்டில் வெட்டித்தான் போக வேண்டும், கேமிங் மெஷினில் வெட்டக்கூடாத இடம் அது.

கார்ட்

இந்தக் காசில் 1080 திரைக்கு என் முதல் தெரிவு பாவித்த ஆர்எக்ஸ் 6600. 2021 ஒக்டோபரில் வந்தது, 8 ஜிபி, 132 வாட், ஒரேயொரு 8 பின் வயர். ஜிடிஎக்ஸ் 1650-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியையும் தெளிவாக முந்தும், இத்தனைக்கும் கரண்ட் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். என்விடியா பெயருக்காக 3050-க்குக் கூடக் காசு கேட்பார்கள். பிளெண்டர், பிரீமியர் என்று வேலை செய்கிறவர், அல்லது டிஎல்எஸ்எஸ் (என்விடியாவின் வேகம் கூட்டும் நுட்பம்) வேண்டும் என்கிறவர் கொஞ்சம் சேர்த்து 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-க்குப் போகலாம். அது 170 வாட், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். கேம் மட்டும் என்றால் 6600 போதும்.

ஆர்எக்ஸ் 580-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தையில் அதுதான் அதிகம். 2017-இன் கார்ட், 185 வாட். பணத்துக்கு இன்னும் மோசமில்லை. ஆனால் அதே பெயரில் 2048எஸ்பி என்று ஒன்று வருகிறது. அசல் 580-இல் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்னக் கோர்) 2304. இதில் 2048, அதாவது உள்ளே இருப்பது 570. பெட்டியில் சின்ன எழுத்து, சிலவேளை அதுவும் இல்லை. ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து அந்த இலக்கத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். இன்னொன்று, 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் மைனிங்கை (கார்டை இரவு பகலாக ஓட்டி நாணயம் சம்பாதிப்பதை) கைவிட்டதும் உலகம் முழுக்க மைனர்கள் கார்டைக் கொட்டி விற்றார்கள். இங்கே கைமாறும் 580-களில் அப்படி வந்தது எது என்று கார்டே சொல்லாது. மைனிங் கார்ட் எல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. ஃபேன் தேய்ந்திருக்கும், உள்ளே ஒட்டிய பேட் காய்ந்திருக்கும், விலை அதற்கேற்ப இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தெரியும். பிசிஐயில் நாலே வழிதான் எடுக்கிறது, மெமரியும் 4 ஜிபி. 3.0 போர்ட்டில் போட்டால், 5600ஜியிலும் எட்டாம் தலைமுறை மெஷினிலும் அதுதான் நிலைமை, வேகம் கண்ணெதிரே விழும். 6600 எட்டு வழி எடுப்பதால் 3.0-இல் போட்டாலும் பெரிதாக எதுவும் போகாது. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு 2024 டிசம்பரில் வந்தது, நல்ல கார்ட்தான். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிப் ஒரே தரத்தில் அணுகுகிற வசதி) இல்லாத பழைய மெஷினில் அது சோர்ந்துவிடும், இந்த பட்ஜெட்டில் வருகிற சிப்களோடும் முழு வேகம் காட்டாது.

பாவித்த கார்டைப் பார்க்கப் போகும்போது என் கண் முதலில் போவது பின்பக்க உலோகத் தகட்டுக்கு. எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிற அந்தப் பட்டி. கடற்கரைப் பக்க வீட்டில் பாவித்த கார்டானால் தகட்டின் மூலையிலும் திருகாணித் தலையிலும் செம்புள்ளி விழுந்திருக்கும். தகட்டில் மட்டும் என்றால் பேரம் பேசலாம். ஹீட்சிங்கின் செப்புக் குழாய் பச்சை பூத்திருந்தால், கார்டின் போர்ட்டில் வெள்ளைப் பொடி இருந்தால், கையில் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வரவேண்டும். ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் தானாக நிற்க வேண்டும், கரகரவென்றால் தேய்ந்துவிட்டது. பிறகு விற்பவரின் மெஷினிலேயே ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு கட்டாயம் ஒரு கேமையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபர்மார்க்கில் தாக்குப்பிடித்து, கேமில் ஏறி இறங்குகிற சுமைக்குக் கறுத்துப்போகிற கார்டும் உண்டு. "நேரமில்லை, கொண்டுபோய்ப் பாருங்கள் தம்பி" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழும்புங்கள்.

பவர் சப்ளையும் வீட்டுக் கரண்டும்

கேஸிங்கோடு இலவசமாக வருகிற "500 வாட்" பவர் சப்ளைப் பெட்டியை யாருக்காவது பாவம் பார்த்துக் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கிற அட்டவணையை வாசிக்கப் பழகினால் எவரும் ஏமாற்ற முடியாது. கொம்பியூட்டரின் கனமான வேலை எல்லாம் 12 வோல்ட் வரியில்தான். அதில் எழுதியிருக்கிற அம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 16 அம்பியர் என்றால் 192 வாட்; வெளியே 500 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அது 192-தான். நல்ல 500 வாட் பெட்டியில் அந்த இடத்தில் 38, 40 என்று இருக்கும். பின்னால் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் பழைய வடிவமைப்பு என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சுவிட்ச் இன்னும் ஆபத்து: 115-க்குத் தள்ளிவிட்டு எங்கள் 230-இல் போட்டால் வெடிச் சத்தம் கேட்கும்.

12400-உம் 6600-உம் சேர்ந்து கேமில் 250 வாட்டுக்குள் அடங்கும். ஆகவே பெயருள்ள கம்பனியின் 550 வாட், புரொன்ஸ் தரச் சான்று உள்ள பெட்டி போதும். 750-க்குக் கொடுக்கிற காசைக் கார்டுக்குப் போடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குள் வயரே வந்திருக்காது. வெறுங்காலோடு கேஸிங்கில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று சொல்கிறவர்களின் வீட்டில் காரணம் பெரும்பாலும் அதுதான். பவர் சப்ளைக்குள் இருக்கிற வடிகட்டிக் கொன்டென்சர்கள் கசிகிற சின்னக் கரண்டை எர்த் வயருக்குத்தான் அனுப்புகின்றன. எர்த் இல்லாவிட்டால் அது கேஸிங்கில் தங்குகிறது. எர்த் இல்லாத பிளக்கில் சேர்ஜ் புரொடெக்டரும் முழுமையாக வேலை செய்யாது. இலட்சக் கணக்கில் சாமான் வாங்குகிறவர் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்வது பெரிய செலவில்லை.

மாரி தொடங்குகிற ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் வரும்போது பிளக்கைக் கழற்றுவதோடு ரவுட்டரின் வயரையும் கழற்ற வேண்டும். பழைய செப்பு டெலிபோன் லைனில் இணையம் எடுக்கிற வீடுகளில் மின்னல் அந்த வழியாக வந்து லேன் போர்ட்டை எரித்துவிட்டுப் போகும். ஃபைபர் கண்ணாடி நார் என்பதால் அந்த வழியில் வராது. ரவுட்டரின் அடப்டர் வழியாக வரலாம்.

2022-இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாதிருந்த காலம் போய்விட்டது. ஆனால் சொல்லாமல் போகிற கரண்ட் போய்விடவில்லை. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு முழு நாட்டுக்கும் கரண்ட் போனதே! யூபிஎஸ் வாங்கினால் வாட்டைப் பாருங்கள். 650 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தரும். மேலே சொன்ன மெஷினுக்கும் மொனிட்டருக்கும் சேவ் செய்து நிறுத்த அது காணும். ஆர்எக்ஸ் 580-உம் ஸியோனும் சேர்ந்த செட்டுக்குக் காணாது, கரண்ட் போகிற அதே நொடியில் யூபிஎஸ்ஸும் கத்திவிட்டுக் கையை விரித்துவிடும்.

பில்லையும் பார்த்துவிடலாம். மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து 300 வாட், தினம் நாலு மணித்தியாலம் என்றால் மாதம் 36 யூனிட். எங்கள் கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கணக்கு. 80 யூனிட் பாவிக்கிற வீடு இதனால் அடுத்த படிக்குத் தாவிவிடும். அம்மாவுக்கு முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

எங்கே வாங்குவது

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் தெரிவும் விலையும் நல்லது. மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் ஒவ்வொரு சாமானிலும் கொஞ்சம் கூட. எதை அங்கே வாங்குவது, எதை இங்கே வாங்குவது என்பதற்கு என் கணக்கு இது: சிப்பும் ரேமும் பழுதாவது அரிது, எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். கட்டாரிலிருந்து வருகிறவரின் பையில் சொல்லிவிட்டாலும் சரி. மதர்போட், பவர் சப்ளை, எஸ்எஸ்டி மூன்றையும் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது உள்ளூரில், முகம் தெரிந்த கடையில். மொனிட்டர் கட்டாயம் உள்ளூரில், பெட்டியைத் திறந்து திரையைப் பார்த்துவிட்டு. பழைய ஒபிஸ் மொனிட்டர் எடுத்தால் விஜிஏ மட்டும் உள்ளதை விட்டுவிடுங்கள்; 6600-இல் அந்த ஓட்டையே இல்லை.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை வாசிக்க வேண்டும். ஒரு வருட வொறன்ரி என்றால் 350 நாள் என்று அச்சடித்திருப்பது எங்கள் நாட்டுக் கடைகளில் சாதாரணம். அதைவிட முக்கியம், எரிந்த அடையாளத்துக்கும் துருவுக்கும் வொறன்ரி இல்லை என்கிற வரி. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறவருக்கு அந்த வரி சும்மா எழுதியதல்ல. மெஷினைக் கடற்பக்க ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். மாதத்தில் ஒருதரம் புளோவரால் தூசு ஊதிவிடுங்கள். உப்போடு சேர்ந்த தூசுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வாரக் கணக்கில் அணைத்தே வைத்திருப்பதும் கூடாது, ஓடுகிற மெஷினின் சூடு ஈரத்தை விரட்டும்.

கொழும்பில் பூட்டி எடுத்து வருவதாக இருந்தால், உதயதேவியில் வந்தாலும் ஹபரணை, பொலன்னறுவை வழியாக இரவு பஸ்ஸில் வந்தாலும், புறப்படுவதற்கு முன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூலர் போட்டிருந்தால் அதையும். ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும் கார்ட் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மதர்போட்டின் சொருகியை நெம்பும். அந்த உடைவை எந்தக் கடையின் வொறன்ரியும் ஏற்காது. கேஸிங்கைக் கண்ணாடிப் பக்கம் மேலே வரப் படுக்க வைத்து, சீட்டுக்கடியில் அல்ல, மடியிலோ பக்கத்து சீட்டிலோ வைத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு ஒரு டிக்கட் கூட எடுக்க வேண்டி வந்தாலும் எடுங்கள்.